பூனைக்கு மட்டும் என்று எழுதியிருந்தது

பிப்ரவரி 7, வெள்ளி

மதியம் பாளையங்கோட்டை வந்து சேர்ந்தேன். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் அவித்த முட்டை தின்றார். விருதுநகரிலிருந்து கயத்தாறு வரைக்கும் அந்த வாடையோடு வந்தேன்.

என் மனைவி வடிவுக்கு மதுரையில் அறுவை சிகிச்சை முடிந்து நான்கு நாளாகிறது. பெருங்குடலில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். நல்லபடியாக முடிந்தது என்கிறார் டாக்டர். தையல் போட்ட இடத்தில் சீழ் கண்டிருப்பதால் இன்னும் மூன்று வாரம் அங்கேயே இருக்க வேண்டுமாம். கூட அவள் தங்கை சிவகாமி இருக்கிறாள். பெண்கள் வார்டில் ஆண் துணைக்கு வேலையில்லை. இங்கே நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வடிவேதான் போகச் சொன்னாள். வந்துவிட்டேன்.

நேற்று காலை மருத்துவமனை உணவகத்து இட்லி ஒத்துக்கொள்ளவில்லை. வார்டுக்கு வெளியே கை கழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தேன். புளித்த மாவு. முப்பத்திரண்டு வருடம் உணவு ஆய்வாளராக இருந்தவனுக்கு இது தெரியாதா?

கதவைத் திறந்ததும், வடிவு என்று நினைத்தோ என்னவோ, நாய் மேலே பாய்ந்தது. வேட்டியெல்லாம் எச்சில். ஊறப்போட்டேன்.

இத்தனை நாளும் நாயைக் கவனித்தவள் மாடியில் குடியிருக்கும் ஸ்டெல்லா. மகளிர் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருக்கிறாள். "நான் பாத்துக்கிடுவேனே அங்கிள், நீங்க ஏன் வந்திய?" என்று கேட்டாள். இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

நாய்க்குத் தயிர்ச்சாதம் வைத்தேன். தொடவில்லை. பால் ஊற்றிய சோறு வைத்தேன். அதையும் தொடவில்லை. மாலையில் சோற்றின் மேல் எறும்பு மொய்த்துக் கிடந்தது.

எங்கள் வீடு சைவம். வடிவும் மரக்கறிதான். ஆனால் ஆறு வருடத்துக்கு முன்னால் சாக்கடை ஓரம் கிடந்த இந்த நாயைத் தூக்கி வந்ததிலிருந்து, புறவாசலில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம் வைத்து அதற்குக் கோழி அவித்துப் போடுகிறாள். செல்லையா என்று மனிதப் பேர் வேறு. அவள் கோழி அவிக்கும் நேரத்தில் நான் நூலகத்துக்குப் போய்விடுவேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கோழிக்கடைக்குப் போனேன். கடை வரைக்கும் போக முடிந்தது. வாசலில் நீல நிற டிரம்முக்குள் ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டது. உள்ளே போட்ட கோழி இன்னும் அடங்கவில்லை. வெந்நீரில் முக்கிய இறகின் வாடை, மரக்கட்டையில் ஊறிப்போன ரத்தத்தின் வாடை. கடைக்காரர் நெஞ்சுத் துண்டு ஒன்றைத் தூக்கிக் காட்டி, "தோல் உரிக்கவா அண்ணாச்சி?" என்றார். திரும்பி வந்துவிட்டேன். பதவியில் இருக்கும்போது இது மாதிரி நூறு கடைக்குள் போயிருக்கிறேன். அப்போது கையுறை, முகமூடி, பின்னால் இரண்டு ஆட்கள். நான் தொட்டதில்லை. தொடச் சொல்லுவேன்.

நாய் இரண்டாவது நாளாகப் பட்டினி. என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறது. ஸ்டெல்லாவிடம் கேட்டால் அவித்துத் தருவாள். அப்புறம் நான் எதற்கு இங்கே வந்தேன் என்று ஆகிவிடும்.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் நாயைக் காணோம். தேடினால் மாடிப்படித் திருப்பத்தில், ஸ்டெல்லாவுடைய பூனையின் தட்டை நக்கிக்கொண்டிருந்தது. நக்கல் என்றால் சாதாரண நக்கல் இல்லை. தட்டு படியில் இடித்து இடித்து நகர்ந்தது. பூனை மேல்படியில் முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது.

ஸ்டெல்லா சத்தம் கேட்டு வந்தாள்.

"மார்ட்டின் சாப்பாட்ட முழுசா காலி பண்ணிட்டியா செல்லையா!"

"இது நாய் தின்னலாமாம்மா?" என்று கேட்டேன்.

"ஒரு வாய் ரெண்டு வாய் தின்னா ஒண்ணும் ஆவாது அங்கிள். தெனம் மட்டும் குடுத்துறக் கூடாது. பூனைக்குள்ளது ரொம்பக் கொழுப்பு, நாய்க்கு ஒத்துக்கிடாதுன்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்க. ஏன், அவன் சரியா சாப்பிடலையா?"

"நல்லா சாப்பிடுதான்," என்றேன்.

மதியம் வளர்ப்புப் பிராணிகளுக்கான கடைக்குப் போய், நாய்க்கென்று விற்பதை ஒரு பாக்கெட்டும் பூனைக்கென்று விற்பதை ஒரு பாக்கெட்டும் வாங்கினேன். நாய்க்கானதை முகர்ந்துவிட்டு நாய் திரும்பி என்னைப் பார்த்தது. பூனைக்கானதைக் கொட்டி முடிப்பதற்குள் தின்று தீர்த்தது.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். மீன்தூள், கோழிக்கொழுப்பு, சோளம், தாது உப்புகள். புரதம் முப்பத்திரண்டு சதம். கொழுப்பு பதினான்கு சதம். நாய்க்கான பாக்கெட்டில் இதில் ஏறக்குறைய பாதிதான் கொழுப்பு. அடியில் சின்ன எழுத்தில், பூனைகளுக்கு மட்டும் என்று இருந்தது. இப்படி எழுதுவதெல்லாம் இரண்டையும் தனித்தனியாக விற்பதற்காக. காலாவதி ஆகவில்லை. கலப்படம் இருப்பதாகத் தெரியவில்லை. நஞ்சும் இல்லை. பிறகென்ன?

கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் மீன் வாடை போகவில்லை. ராத்திரிச் சாப்பாட்டைக் கரண்டியால் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

வடிவு போன் செய்தாள். குரல் கம்மியிருக்கிறது.

"சாப்ட்டியளா?"

"ஆச்சு."

"செல்லையா?"

"நல்லா இருக்கான்."

"கோழி யாரு அவிக்கா? ஸ்டெல்லாவா?"

"நாந்தான்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"நீங்களா?" என்றாள். "ஒங்களுக்குக் கொமட்டுமேங்க."

"மூக்கில துண்டக் கட்டிக்கிட்டு அவிக்கேன்."

அவள் அழுத மாதிரி இருந்தது. சளியாகவும் இருக்கலாம்.

பிப்ரவரி 15, சனி

உலர்ந்தது அலுத்துவிட்டது போல. தகர டப்பாவில் வரும் மீனை வாங்கி வந்தேன். மூடியைக் கிழித்தவுடன் கஞ்சி மாதிரி ஒரு கொழகொழப்பு விரலில் வழிந்தது. சாம்பல் நிறத்தில் மீன் சதை, மேலே எண்ணெய் மினுக்கம். பழைய துறைமுகச் சாக்கின் நாற்றம். நாய் பின்னங்காலில் எழுந்து நின்று ஆடியது. ஒரு டப்பா போதாமல் இரண்டாவதும் திறந்தேன். தட்டைக் கழுவ வேண்டியதே இல்லை, அப்படி நக்கியிருந்தது. ஆனாலும் கழுவினேன்.

வாசலில் என்னைக் கண்டால் இப்போது வாலை ஆட்டுகிறது. ஆறு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஒன்றும் விசேஷமில்லை. நாய் புல் தின்றது.

பிப்ரவரி 17, திங்கள்

காலை ஆறு மணிக்குப் பின்கதவைத் திறக்கப் போனவன் வழுக்கி விழப் பார்த்தேன். தரை முழுக்க வாந்தி. செரிக்காத மீன் சதை, இடையிடையே முழுசு முழுசாக உலர் தீனி உருண்டைகள், சுற்றிலும் மஞ்சள் நுரை. கால் விரல்களுக்கு இடையில் புகுந்துவிட்டது. சாம்பலைக் கொட்டி, அட்டையால் வழித்து, பினாயில் ஊற்றிக் கழுவினேன். வழிக்கும்போது நானும் ஒரு தடவை எடுத்தேன். அதையும் சேர்த்து வழித்தேன்.

பத்து மணிக்குக் கழிச்சல். தண்ணீராகப் போகிறது, மேலே நெய் மிதப்பது போல் ஒரு பளபளப்பு. நாற்றத்தை எழுத வார்த்தை தெரியவில்லை. கெட்டுப்போன இறால் மூட்டையை ஒரு தடவை பறிமுதல் செய்தோம், அது இதைவிடத் தேவலை.

ஸ்டெல்லா மாடியிலிருந்து, "என்ன அங்கிள், பினாயில் வாடை தூக்குது?" என்றாள். வீடு கழுவுகிறேன் என்றேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

நிற்கவில்லை. கால்நடை டாக்டர் அருள்மேரியிடம் கூட்டிப்போனேன். வடிவு ஆறு வருடமாக நாயை இங்கேதான் கொண்டு வருவாள். நான் உள்ளே போவது இதுவே முதல் தடவை.

"வடிவக்கா எப்படி இருக்காங்க சார்? நேத்துகூட மெசேஜ் போட்டாங்க. நீங்க கோழி அவிக்கியளாமே, பெருமையா எழுதிருந்தாங்க," என்றார் டாக்டர். நாயின் வயிற்றை அமுக்கினார். நாய் முனகியது.

"என்ன சார் குடுக்கிய இப்ப?"

"கோழியும் சோறும்தான்."

"வேற? எண்ணெய்ப் பலகாரம், தோலு, எலும்பு? மேல பூனை இருக்குல்லா, அது சாப்பாடு எதுவும் தின்னானா?"

"இல்ல டாக்டர்."

ஹோட்டல்களின் பின்வாசலில் நின்று எத்தனை பேரிடம் நான் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பேன். இல்ல சார், இன்னைக்குக் காலைல வாங்குனதுதான் சார் என்பார்கள். பொய் சொல்கிறவன் கண்ணை இமைக்கமாட்டான், நம் முகத்தையே பார்ப்பான். அதை வைத்தே பத்தில் ஒன்பது பேரைப் பிடித்துவிடுவேன். இன்று நான் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாந்தி நிற்க ஊசி, நான்கு மாத்திரை. நாளைக் காலை வரைக்கும் தண்ணீர் மட்டும், அப்புறம் குழைந்த சோறு கொஞ்சம். "நாளைக்கும் நிக்கலைன்னா ரத்தம் எடுத்துப் பாக்கணும் சார். ஒடனே கூட்டிட்டு வாங்க," என்றார்.

பிப்ரவரி 19, புதன்

காலையில் வாந்தி இல்லை. மாத்திரையை விழுங்க மாட்டேன் என்கிறது. வாயைத் திறந்து உள்ளே வைத்தால் துப்புகிறது, என் கை முழுக்கக் கயிறு கயிறாக எச்சில். சோற்றில் பொதிந்து கொடுத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைசியில் மிச்சமிருந்த தகர டப்பாவைத் திறந்து, ஒரு கரண்டி மீனுக்குள் வைத்துக் கொடுத்தேன். உடனே விழுங்கிவிட்டது. மாத்திரைக்காகத்தான். ஒரு கரண்டி. இரண்டு.

மதியம் நாய் ஒரு மாதிரி நின்றது. முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையில் பதித்து, பின்புறத்தை மட்டும் தூக்கிக்கொண்டு அப்படியே அசையாமல் நின்றது. விளையாடுகிறது என்று நினைத்தேன். போன் அடித்தது.

"ஞாயித்துக்கெழம ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்," என்றாள் வடிவு. "ஒங்களப் பாக்கணும் போல இருக்கு."

"இவன விட்டுட்டு எப்படி வர? நீயே சொல்லு."

"ஆமா," என்றாள். "சரி."

போனை வைத்துவிட்டு வந்து பார்த்தால் நாய் இன்னும் அதே மாதிரி நிற்கிறது. உடம்பு நடுங்குகிறது. அப்புறம் கக்கியது. மாத்திரை முழுசாக அதில் கிடந்தது. சாயங்காலம் கழிச்சலில் சளியும் ரத்தமும். சிவப்பாக இல்லை, கருஞ்சிவப்பு. பழைய கிழிந்த வேட்டியால் துடைத்தேன். வேட்டி நனைந்து உள்ளங்கையில் சூடாக இறங்கியது.

பிப்ரவரி 20, வியாழன்

காலையில் எழுந்திருக்கவில்லை. கண்ணை மட்டும் திறந்து பார்த்தது.

வடிவின் பழைய சேலை ஒன்றில் சுற்றித் தூக்கினேன். இவ்வளவு கனம் என்று தெரியாது. ஆட்டோவில் ஏறினவுடன் என் மடியில் கழிந்தது. வெள்ளைச் சட்டை, வேட்டி, சீட்டு எல்லாம். ஆட்டோக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணாச்சி, எறங்கிருங்க, இந்த வீச்சத்துல வண்டி ஓட்ட முடியாது," என்றார். கழுவித் தருகிறேன், நானே என் கையால் கழுவித் தருகிறேன் என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சினதாக ஞாபகம் இல்லை. அவர் திரும்பி நாயைப் பார்த்தார். பிறகு ஓட்டினார்.

கையில் ஒரு பையும் கொண்டுபோயிருந்தேன். டாக்டரின் மேசையில் அந்தப் பூனைத்தீனிப் பாக்கெட்டையும் தகர டப்பாவையும் எடுத்து வைத்தேன்.

"பத்தாந்தேதில இருந்து இதுதான் டாக்டர் குடுக்கேன். கோழி அவிக்கவே இல்ல. முந்தாநேத்து ஒங்ககிட்ட பொய் சொன்னேன்."

டாக்டர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையுறை மாட்டிக்கொண்டே இருந்தவர் நிறுத்தவில்லை.

"தெனமுமா?"

"தெனம் ரெண்டு வேளை. நேத்து மாத்திரைக்கும் இதுதான்."

"முந்தாநேத்து ஒரு வார்த்த சொல்லிருந்தா அன்னைக்கே ரத்தம் பாத்து ட்ரிப்ஸ் ஏத்திருப்பேன் சார். ரெண்டு நாள் போச்சு."

ரத்தம் எடுத்து ஸ்கேன் பார்த்தார். கணையம் வீங்கியிருக்கிறது. நாய் நெஞ்சைத் தரையில் வைத்து நின்றது விளையாட்டில்லையாம். வயிற்று வலி தாங்காமல் அப்படி நிற்குமாம்.

"இது விஷமில்ல சார்," என்றார், ட்ரிப்ஸ் ஊசியை ஒட்டிக்கொண்டே. "தெரியாம ஒரு நாள் தின்னா முக்காவாசி நாய்க்கு ஒண்ணும் ஆவாது. பூனை வேற, நாய் வேற. பூனைக்குக் கறிதான் சாப்பாடு, அதுக்கு ஏத்த மாதிரி கொழுப்பும் புரதமும் அள்ளிப் போட்டு செஞ்சிருப்பாங்க. வாசனைக்கு நாய் விழுந்து விழுந்து திங்கும். வாரக்கணக்குல அதையே போட்டா, இவன் மாதிரி வயசான நாய்க்குக் கணையம் தாங்காது. ஒங்களுக்கு நான் சொல்லணுமா? நீங்க இதே வேலைல இருந்தவங்க."

"பொழச்சிருமா?"

"இன்னைக்குச் சொல்ல முடியாது."

வெளியே வந்தால் ஆட்டோக்காரர் இன்னும் நிற்கிறார். தண்ணீர் பிடித்து, துணி வாங்கி, சீட்டைக் கழுவினேன். இடுக்கில் நகத்தை விட்டுச் சுரண்டினேன். அவர் பீடி பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 21, வெள்ளி

காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை கிளினிக்கில். ட்ரிப்ஸ். இரண்டு தடவை கழிச்சல், இரண்டு தடவையும் நானே துடைத்தேன். மருந்து வாடை, ரத்த வாடை, என் சட்டையின் வாடை. எது எது என்று பிரிக்க முடியவில்லை.

டாக்டர் சொன்னார்: "அக்காகிட்ட நான் மறைக்க மாட்டேன் சார். அவங்க கேட்டா சொல்லிருவேன். நீங்களே சொல்லிருங்க."

பிப்ரவரி 22, சனி

சொல்லிவிட்டேன். பத்தாம் தேதியிலிருந்து எல்லாம். மூக்கில் துண்டு கட்டினேன் என்று சொன்னதும் பொய் என்று சொன்னேன். வடிவு போனை வைத்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து சிவகாமி கூப்பிட்டாள். "அத்தான், அக்காட்ட என்ன சொன்னிய? அழுதுக்கிட்டே இருக்கா. கஞ்சியும் வேண்டாங்கா. வயித்துல மலப் பை வச்சுக் கெடக்கவளை இப்படியா அழ வைக்கது?"

பிப்ரவரி 24, திங்கள்

நாய் தானாக எழுந்து தண்ணீர் குடித்தது. பிழைத்துக்கொள்ளும் என்கிறார் டாக்டர்.

இனிமேல் கொழுப்பே ஆகாது. தோலும் கொழுப்பும் நீக்கிய கோழி நெஞ்சு, வெறும் தண்ணீரில் வேகவைத்து, நாரு நாராகப் பிய்த்து, குழைந்த சோற்றில். ஒரு நாளைக்கு நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. ஆயுசுக்கும் கவனமாக இருக்க வேண்டும்.

பிப்ரவரி 26, புதன்

கோழிக்கடைக்குப் போனேன். வாங்கினேன். பைக்குள் அது இன்னும் சூடாக இருந்தது. அதுதான் கொடுமை, சூடாக இருந்தது. புறவாசல் அடுப்பில் வைத்தேன். கொதி வந்ததும் சாம்பல் நிறத்தில் நுரை கட்டியது. கரண்டியால் எடுத்து எடுத்து ஊற்றினேன். இரண்டு தடவை சாக்கடையோரம் போய்க் குனிந்தேன். ஒன்றும் வரவில்லை. ஆறியதும் பிய்க்க வேண்டும். நரம்பு போல வெள்ளையாக ஒன்று விரலோடு இழுபட்டு வந்தது.

மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஸ்டெல்லா பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் தெரிந்திருக்கும். "தாங்க அங்கிள், நான் பிச்சுத் தாரேன்," என்றாள்.

"வேண்டாம்மா," என்றேன்.

செல்லையா மூன்று வாய் தின்றான்.

மார்ச் 1, சனி

வடிவு வந்துவிட்டாள். காரிலிருந்து இறங்கவே பத்து நிமிடம் ஆனது. பாதியாகிவிட்டாள். அவளும் நாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அழுதார்கள். நாய் அழுததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, சத்தம் அப்படித்தான் இருந்தது. அதன் விலா எலும்பை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

பகலில் ஐந்தாறு தடவை சிவகாமி அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறேன். கதவிடுக்கில் அந்த வாடை வருகிறது.

ஒன்றை எழுத வேண்டும். இதில் பொய்யாக எழுதியிருப்பதை அடித்துவிட்டு எழுதலாம் என்று பார்த்தேன், அடிக்கவில்லை.

ஆறாம் தேதி காலை நான் இட்லி சாப்பிடவில்லை. ஒன்றுமே சாப்பிடவில்லை. நர்ஸ் திரையை இழுத்துவிட்டு, "சார், நீங்களும் பாத்துப் படிச்சுக்கோங்க, வீட்டுக்குப் போனா நீங்கதான் செய்யணும்," என்று சொல்லி வடிவின் வயிற்றிலிருந்த பையைப் பிரித்தாள். தொப்புளுக்குப் பக்கத்தில் சிவப்பாக, ஈரமாக, குடலின் நுனி வெளியே தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அசைந்து, மஞ்சளாக வழிந்தது. முப்பத்து நான்கு வருடம் என்னோடு இருந்தவளின் வயிறு. நான் திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். இட்லியில் ஒரு குற்றமும் இல்லை.

மார்ச் 3, திங்கள்

சிவகாமி மகளுக்குப் பரீட்சை, நாளை மறுநாள் ஊருக்குப் போகிறாள். "எனக்குச் சொல்லிக்குடு," என்று அவளிடம் கேட்டேன். உள்ளேயிருந்து வடிவு, "அவுக வரவேண்டாம். நானே கண்ணாடி வச்சுப் பாத்துச் செஞ்சுக்கிடுவேன்," என்றாள். வந்து மூன்றாம் நாள், என் காதில் விழும்படி அவள் சொன்ன முதல் வார்த்தை.

மாலையில் நாய் அவள் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தது. தட்டை எடுக்கப் போனேன். "உக்காருங்க," என்றாள்.

உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு ஒங்க மூஞ்சியப் பாத்தேன்," என்றாள். "சாக்கடையில செத்த எலியப் பாத்தா ஒரு மூஞ்சி வைப்பியள்லா, அது. என்னைப் பாத்து வச்சிய. அதுக்குத்தான் ஊருக்குப் போங்கன்னு சொன்னேன். ஸ்டெல்லா ஒரு மாசமானாலும் செல்லையாவ வச்சுக்கிடுதேன்னு முன்னாடியே சொல்லிட்டா. ஒங்க மூஞ்சிய தெனம் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. போங்கன்னேன். போகமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்வியன்னு நெனச்சேன். செருப்ப மாட்டிட்டிய."

நான் நாயின் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"என் ரோசத்துக்கு இவன் சாகக் கெடந்தான்," என்றாள், கையைக் கீழே தொங்கவிட்டு நாயின் தலையைத் தேடிக்கொண்டே.

"ஒன் ரோசம் இல்ல வடிவு," என்றேன். "டப்பாவத் தெறந்தது நாந்தான்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 5, புதன்

சிவகாமி போய்விட்டாள். போவதற்கு முன் சமையலறையில் வைத்து, ஒரு தலையணையின் மேல் பையை ஒட்டிக்காட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்றாள்.

மார்ச் 7, வெள்ளி

காலை ஒன்பதரை. கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். அறைக்குள் ஏதோ விழுந்த சத்தம். போய்ப் பார்த்தால் கைக்கண்ணாடி தரையில் கிடக்கிறது. பை ஒரு பக்கம் விட்டுப்போய், சேலை, படுக்கை, அவள் கை எல்லாவற்றிலும் வழிந்திருந்தது. அறை முழுக்க நாற்றம்.

"உள்ள வராதிய," என்று கத்தினாள். "ஸ்டெல்லாவக் கூப்புடுங்க. வராதியன்னு சொல்லுதேன்லா!"

ஸ்டெல்லா கல்லூரிக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியவில்லை.

வெந்நீரும் துணியும் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். அவள் இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் வழிந்தது. முதலில் அந்தக் கைகளைத் துடைத்தேன். வலது கை, அப்புறம் இடது கை. துடைத்த கைகளை அவள் மறுபடி வயிற்றில் வைக்கவில்லை.

பையைப் பிரித்தேன். அன்று பார்த்ததுதான். சிவப்பாக, ஈரமாக, அசைந்தது. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். சுற்றிலும் தோல் வெந்துபோய்ச் சிவந்திருந்தது. அங்கே துணி பட்டால் எரியும் என்று சிவகாமி சொல்லியிருந்தாள், அதனால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி வழிந்தது, என் மணிக்கட்டு வரைக்கும். மறுபடி துடைத்தேன்.

அவள் வயிற்றைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரிந்தது. முகத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

"அருவருப்பா இருக்கா?" என்று கேட்டாள்.

இல்லை என்று வாய் வரைக்கும் வந்தது.

"இருக்கு," என்றேன்.

அவள் ஒட்டுவதற்கு வசதியாகச் சேலையை இன்னும் கொஞ்சம் விலக்கிவிட்டாள்.

"பைய ஒட்டுங்க," என்றாள். "சுருக்கம் விழுந்தா அது வழியா ஒழுகிரும்."

முதல் பை கோணலாகப் போயிற்று. இரண்டாவதைக் கத்தரிக்கும்போது துளை பெரிதாகிவிட்டது. அவள் தலையணையில் சாய்ந்துகொண்டு, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது பை சுருக்கமில்லாமல் ஒட்டியது.